கடலில் நீந்தும் மீனுக்கே பங்கு

விசைப்படகு ஒன்று தொழிலுக்குப் போய்த் திரும்பினால் கணக்கு எப்படிப் பிரியும் என்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மிச்சத்தில் படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை, டிரைவருக்கு இத்தனை, மற்ற ஆட்களுக்கு ஆளுக்கு இத்தனை. ஊருக்கு ஊர் விகிதம் மாறும், ஆனால் பங்கு என்ற முறை எங்கும் உண்டு.

இதெல்லாம் கரைக்கு வந்து சேர்ந்த மீனில் பங்கு. இந்தக் கட்டுரை பேசப்போவது இன்னும் பிடிபடாத மீனில், அதாவது கடலுக்குள் நீந்திக்கொண்டிருக்கும் மீனில் பங்கு. 'இந்த வருஷம் இந்தக் கடலில் இவ்வளவுதான் பிடிக்கலாம். அதில் நூற்றுக்கு இவ்வளவு உனக்கு, இவ்வளவு அவனுக்கு' என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவது. ஆங்கிலத்தில் கேட்ச் ஷேர் என்பார்கள், நாம் பிடிப்புப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். பேச்சுவழக்கில் கோட்டா என்றாலும் போதும்.

பிடிபடாத மீனை எதற்காகப் பங்கு போட வேண்டும்? இதற்கு அலாஸ்காவைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில் ஹாலிபட் என்றொரு மீன். தட்டை மீன், இரண்டு கண்ணும் ஒரே பக்கம். நம் கடலில் எருமைநாக்கு என்று ஒரு மீன் உண்டே, அதற்குத் தூரத்துச் சொந்தம். (எருமைநாக்கின் அறிவியல் பெயர் செட்டோடெஸ் எருமெய். நம் எருமை அங்கே போய்ப் படுத்திருக்கிறது.) ஆனால் அலாஸ்கா ஹாலிபட் நாக்கு அளவில் நிற்பதில்லை. பெரியது இருநூறு கிலோவைத் தொடும். நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகளைக் கட்டி, கடலடியில் போட்டுப் பிடிப்பார்கள். நம்மூர் ஆயிரங்கால் தூண்டில் மாதிரி.

இந்த மீனைக் காப்பாற்ற அமெரிக்காவும் கனடாவும் 1923 இலேயே ஒப்பந்தம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தன. வருஷா வருஷம் விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்து, இந்தப் பகுதியில் இவ்வளவு பிடிக்கலாம் என்று உச்சவரம்பு சொல்வார்கள். அந்த அளவு பிடிபட்டதும் சீசன் முடிந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

நடந்ததைப் பாருங்கள். உச்சவரம்பு எல்லோருக்கும் பொது. யாருக்கு எவ்வளவு என்று எதுவும் இல்லை. அப்படியென்றால் முதலில் போய் அள்ளியவனுக்கு லாபம். பந்திக்கு முந்து என்ற கதைதான். ஒருவர் பெரிய எஞ்சின் வாங்கினால் பக்கத்துக்காரர் அதைவிடப் பெரியதாக வாங்குவார். படகுகள் கூடக்கூட வரம்பு சீக்கிரம் நிறைந்தது. வரம்பு சீக்கிரம் நிறைந்ததால் சீசன் சுருங்கியது. சீசன் சுருங்கியதால் இன்னும் வேகமாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் மாதக்கணக்கில் நடந்த மீன்பிடி, 1990களின் தொடக்கத்தில் முக்கியமான பகுதிகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாளாக வந்து நின்றது. ஒவ்வொன்றும் 24 மணி நேரம், மதியம் 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் மதியம் 12 மணிக்கு முடியும்.

அந்த 24 மணி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். தேதி முன்பே அறிவித்தாயிற்று. அன்றைக்குப் புயல் அடித்தாலும் போயாக வேண்டும். போகாவிட்டால் வருஷ வருமானம் போயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் ஒரே நேரத்தில் தூண்டிலை இறக்குகின்றன. ஒருவர் போட்ட கயிற்றின்மேல் இன்னொருவர் கயிறு விழுந்து சிக்குகிறது. யாரும் தூங்குவதில்லை. மீன் வந்து விழுகிறது. குடலெடுத்துக் கழுவி ஐஸில் வைக்க ஏது நேரம்? தளத்திலேயே குவிகிறது. மறுநாள் மணி பன்னிரண்டை நெருங்கும்போது இன்னும் பாதிக் கயிறு கடலுக்குள் கிடக்கும். இழுத்து முடிக்க முடியாதவர்கள் அறுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அறுத்துவிட்ட கொக்கிகள் சும்மா கிடப்பதில்லை. அவை பாட்டுக்கு மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும், யாருக்கும் பயனில்லாமல். ஓட்டைப் படகில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிக்கொண்டு வந்து மூழ்கியவர்களும் உண்டு.

சரி, கரைக்கு வந்தாலாவது நிம்மதி உண்டா? எல்லாப் படகும் ஒரே நாளில் துறைமுகத்தில் வரிசை கட்டி நிற்கும். தடைக்காலம் முடிந்து படகுகள் மொத்தமாகக் கரை திரும்பும் நாளில் காசிமேட்டு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு விலை என்ன ஆகும் என்று தெரியும். அங்கே அதைவிடப் பல மடங்கு. வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய மீன் இரண்டு நாளில் வந்து குவிந்தால் உறையவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே அமெரிக்காவில் புதிதாகப் பிடித்த ஹாலிபட் வருஷத்தில் சில நாள் மட்டும் கிடைத்தது. மற்ற நாளெல்லாம் கல்லு மாதிரி உறைந்த மீன்தான்.

இதில் யாரையும் பேராசைக்காரர் என்று திட்ட முடியாது என்பதுதான் விஷயம். கனடாப் பொருளாதார அறிஞர் எச். ஸ்காட் கார்டன் 1954 இலேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார். கடலில் இருக்கும் மீன் யாருக்கும் சொந்தமில்லை, கொக்கியில் மாட்டியபின்தான் சொந்தம். இன்றைக்கு நான் விட்டுவைக்கும் மீன் நாளைக்கு வளர்ந்து என்னிடமே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பக்கத்துப் படகுக்காரர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அப்படியிருக்கும்போது பொறுமையாக இருப்பவர்தான் ஏமாளி. மொத்தத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் மீன் ஓரளவு தப்பலாம். ஆனால் மனிதர்கள் ஒருவரையொருவர் முந்துவது தப்பாது, வரம்பே அதற்கு எண்ணெய் ஊற்றும்.

இங்கேதான் பங்கு வருகிறது. 1991 இல் கனடா அரசு பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலில் ஹாலிபட்டுக்குப் படகுவாரியாகப் பங்கு பிரித்தது. அதற்கு முந்தைய வருஷம் அங்கே சீசன் ஆறே நாள். அலாஸ்கா 1995 இல் பின்தொடர்ந்தது.

ஏற்பாடு எளிது. ஒரு பகுதிக்கு இந்த வருஷம் மொத்தம் 10,000 டன் பிடிக்கலாம் என்று அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்றால் உங்கள் கணக்கில் 10 டன். அடுத்த வருஷம் மீன் குறைவு, மொத்தம் 8,000 டன்தான் என்றால் உங்களுக்கு 8 டன். பெருகி 12,000 ஆனால் 12 டன். பங்கு மாறாது, எடை மாறும். அந்த 10 டன்னை மார்ச்சில் பிடிப்பீர்களோ செப்டம்பரில் பிடிப்பீர்களோ, ஒரே தடவையோ பத்துத் தடவையோ, அது உங்கள் பாடு. சீசன் சுமார் எட்டு மாதம் திறந்திருக்கும்.

மீனை இறக்கும் இடத்தில்தான் கண்காணிப்பு. கரைக்கு வருமுன் தகவல் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற வியாபாரியிடம் எடை போட வேண்டும். தொடக்க காலத்தில் பங்குதாரருக்குக் காந்தப் பட்டை வைத்த அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். எடை போட்டதும் அட்டையைத் தேய்த்து, ரகசிய எண்ணை அழுத்தினால் அவர் கணக்கில் அத்தனை பவுண்டு கழிந்துவிடும். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் பதிவாவது போல. கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டால் அடுத்த வருஷக் கணக்கில் கழிப்பார்கள். ரொம்பக் கூடினால் குற்றம்.

ரேஷனுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம், இந்தப் பங்கை விற்கலாம். தொழிலை விட்டுப் போகிறவர் பங்கை விற்றுவிட்டுப் போவார், வளர நினைப்பவர் வாங்குவார். அதற்காக இது நிலப்பட்டா மாதிரி முழு உரிமையும் அல்ல. அமெரிக்கச் சட்டம் இதை ஓர் அனுமதி என்றுதான் சொல்கிறது, நஷ்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விலை கொடுத்து வாங்கியவரிடம் போய் 'இது சொத்து இல்லை' என்று சொல்லிப் பாருங்கள்.

1995க்குப் பிறகு அலாஸ்காவில் முதலில் மாறியது அவசரம். புயலா, இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் போகலாம். என் மீனை யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். கயிறு அறுந்தால் திரும்பிப்போய்த் தேடி எடுக்கலாம். மீன் வந்ததும் குடலெடுத்து ஐஸில் வைக்க நேரம் உண்டு. எட்டு மாதமும் புது மீன் சந்தைக்கு வந்தது, விலை ஏறியது. கடலில் ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடிப்போகும் வேலையும் குறைந்தது. உறையவைக்கும் ஆலைக்காரர்களுக்கு மட்டும் அடி, ஏனென்றால் மீன்காரர் இப்போது பேரம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. படகுகள் குறைந்தன. 1994 இல் சுமார் 3,400 ஆக இருந்தது, பதினைந்து வருஷத்துக்குள் ஆயிரத்துச் சொச்சமாகிவிட்டது. ஒரு கோணத்தில் இது நல்லதுதான், ஆயிரம் படகு செய்யும் வேலைக்கு மூவாயிரம் படகு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தப் படகுகளில் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் கேள்விதானே.

நியூசிலாந்து இன்னும் முந்தி, 1986 இலேயே நாடு தழுவிய பங்கு முறையைக் கொண்டுவந்தது. அங்கே நடந்த ஒரு தவறு இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நல்ல பாடம். முதலில் பங்கை விகிதமாகக் கொடுக்காமல் டன்னாகவே கொடுத்துவிட்டார்கள். உனக்கு 100 டன், எப்போதும் 100 டன் என்று. மொத்த வரம்பைக் குறைக்க வேண்டுமானால் அரசு பணம் கொடுத்துப் பங்கைத் திரும்ப வாங்க வேண்டும். ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனில் இது வகையாக மாட்டிக்கொண்டது. அந்த மீன் நூறு வயதைத் தாண்டியும் வாழும், முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது முப்பது வருஷம் ஆகும். இது புரிவதற்கு முன் தாராளமாக வரம்பு வைத்துவிட்டார்கள். புரிந்தபின் வெட்ட வேண்டும், வெட்டினால் பணம் கொடுக்க வேண்டும். கட்டுப்படியாகாமல் 1990 இல் டன்னை விட்டு விகிதத்துக்கு மாறினார்கள். இன்று பங்கு முறை என்றாலே விகிதம்தான் என்றானதற்கு இப்படியும் ஒரு காரணம்.

ஆனால் இதெல்லாம் கணக்கு. உண்மையான சண்டை வேறிடத்தில். முதல் பங்கு யாருக்கு?

கடல் இதுவரை புறம்போக்கு. திடீரென்று ஒருநாள் அளந்து பிரிக்கிறார்கள். அன்றைக்குப் பட்டியலில் பேர் இருப்பவருக்குச் சொத்து, இல்லாதவர் பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டும். அலாஸ்காவில் 1988 முதல் 1990 வரை ஹாலிபட் இறக்கிய படகின் சொந்தக்காரரோ குத்தகைக்காரரோ தகுதி பெற்றார். 1984 முதல் 1990 வரையான ஏழு வருஷத்தில் சிறந்த ஐந்து வருஷத்துப் பிடிப்பை வைத்துப் பங்கு. இலவசமாக. அதே படகில் இருபது வருஷம் தூண்டில் கட்டிய ஆளுக்கு ஒன்றுமில்லை. கரைக்கு வந்த மீனில் அவருக்குப் பங்கு உண்டு, கடலில் இருக்கும் மீனில் கிடையாது. என்னைக் கேட்டால் இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். அந்த வட்டாரக் கிராமங்களில் பங்கு பெற்றவர்கள் பணத் தேவைக்கு விற்றுவிட, ஊரே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய நிலை வந்தது. 2004 இல் சில சிற்றூர்கள் ஊர்ப்பொதுவாகப் பங்கு வாங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். ஆனால் அதற்குள் விலை எங்கேயோ போயிருந்தது.

நியூசிலாந்தில் 1983 இலேயே பகுதிநேர மீனவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் மீன் என்று வாழ்ந்த, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பலர் இப்படி வெளியே போனார்கள். பங்கு பிரித்தபோது அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு பழைய காகிதம் இருந்தது. 1840 இல் பிரிட்டிஷ் முடியாட்சியோடு செய்த வைதாங்கி ஒப்பந்தம். அதில் எங்கள் மீன்பிடி எங்களுக்கு என்று எழுதியிருக்கிறது, எங்களுடையதை எடுத்து எப்படி அடுத்தவருக்குப் பிரித்துக் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் போனார்கள். கடைசியில் 1992 இல் ஒப்பந்தமாயிற்று. சீலார்ட் என்ற பெரிய மீன் நிறுவனத்தில் பாதியை வாங்க அரசு 15 கோடி நியூசிலாந்து டாலர் கொடுத்தது. இனிமேல் புதிதாகப் பங்கு முறைக்குள் வரும் ஒவ்வொரு மீன் இனத்திலும் 20 சதவீதம் மாவோரிகளுக்கு என்றும் முடிவாயிற்று.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் கசப்பு. 1984 இல் காட் மீனுக்கு, முந்தைய மூன்று வருஷப் பிடிப்பை வைத்துப் படகுகளுக்குப் பங்கு கொடுத்தார்கள். 1990 இல் வந்த சட்டம் அதைத் தாராளமாக விற்க வழிசெய்தது. கடல்வளம் ஐஸ்லாந்து மக்களின் பொதுச்சொத்து என்று அந்தச் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. நடைமுறையில் பங்கு சில நிறுவனங்களிடம் குவிந்தது, மீன் பிடிக்காமலே பங்கைக் குத்தகைக்கு விட்டு வாழ்கிறவர்களும் உருவானார்கள். கடல் ஜமீன்தார்கள் என்று மக்கள் அவர்களைக் கேலியாகச் சொல்லத் தொடங்கினார்கள். பங்கில்லாத இரண்டு மீனவர்கள் 2001 இல் வேண்டுமென்றே மீன் பிடித்து, தங்கள்மீது வழக்குப் போட வைத்து, அபராதம் கட்டி, பிறகு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2007 இல் குழு அவர்கள் பக்கம் நின்றது. முதலில் இலவசமாகப் பெற்றவர்களுக்கு நிரந்தரச் சொத்து மாதிரி சலுகை கொடுத்தது நியாயமான அடிப்படையில் இல்லை என்றது. 2009 முதல் ஐஸ்லாந்து கோடை மாதங்களில் சிறுபடகுகளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. பங்கு தேவையில்லை, கைத்தூண்டில் மட்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் மொத்த அளவு உண்டு, அது தீரும்வரை எல்லோரும் ஓடுகிறார்கள். பழைய அவசரம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

பங்கு போட்டால் மீன் பெருகுமா? 2008 இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு 11,000க்கும் மேற்பட்ட மீன்பிடிகளின் தரவைப் பார்த்து, பங்கு முறை உள்ள இடங்களில் வளம் குலைந்துபோவது ஏறக்குறையப் பாதிதான் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு இதுதான் சர்வரோக நிவாரணி என்று பேசியவர்கள் நிறைய. அதில் பங்கு முறை உள்ளவை வெறும் 121, பெரும்பாலும் பணக்கார நாடுகளில். அங்கெல்லாம் மொத்த வரம்பும் கண்காணிப்பும் கூடவே இருந்தன. எது எதனால் என்று பிரித்துச் சொல்வது அத்தனை சுலபமில்லை. அலாஸ்கா ஹாலிபட்டே பங்கு பிரித்தபின் பல வருஷம் குறைந்துகொண்டு போனது, மீன்கள் வளர்வதே மெதுவாகிவிட்டது. எல்லோர் கணக்கிலும் டன் சுருங்கியது. பங்கு முறை மீனை உண்டாக்காது. இருப்பதை யார், எவ்வளவு நிதானமாகப் பிடிப்பது என்பதைத்தான் அது தீர்க்கும். வரம்பைத் தப்பாகப் போட்டால் எல்லோரும் நிதானமாக, வரிசையில் நின்று கடலைக் காலி செய்வார்கள்.

இன்னொரு தொல்லை, தூக்கி எறிவது. என் கணக்கில் ஒரு டன்தான் என்றால் விலை போகும் பெரிய மீனால் அதை நிரப்பத் தோன்றும். சிறியது செத்துப்போய்த் திரும்பக் கடலுக்கு. பங்கில்லாத இனம் வலையில் வந்தாலும் அதே கதி. கொக்கியில் பெரும்பாலும் ஒரே இன மீன் வரும் ஹாலிபட்டில் இதைச் சமாளிக்கலாம். நம்மூர் இழுவலையில் ஒரே இழுப்பில் இறால், காரப்பொடி, சங்கரா, கணவாய், நண்டு, பேர் தெரியாத பொடிமீன் எல்லாம் கலந்து வரும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்கு, தனிக் கணக்கு என்றால் கரையில் யார் எடை போடுவது? கட்டுமரம், ஃபைபர் படகு என்று மணலிலேயே மீனை இறக்கும் ஊர்கள் எத்தனை இருக்கின்றன? அதனால்தான் நம் கட்டுப்பாடு எல்லாம் எடையைத் தொடாமல், எப்போது, எங்கே, எந்த வலை என்பதைச் சுற்றியே இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை அப்படிப்பட்டதுதான்.

அதற்காகப் பங்கு போடுவது நமக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்ட ஏற்பாடு உண்டு. அது நாளில் பங்கு. பழவேற்காடு ஏரியில் இடத்திலேயே பங்கு. அங்கே அதற்குப் பாடு என்று பேர். இறால் ஓடும் நீரோட்டம் எங்கே நன்றாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான். ஆகவே சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு நகர வேண்டும். அடுத்தவரை முந்திக்கொண்டு ஓட வேண்டிய தேவையே இல்லை. எத்தனை கிலோ என்ற வரம்பு இதில் கிடையாது, அதிர்ஷ்டம் சுற்றிவருகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சீட்டில் பேர் சேர்க்கவும் நிபந்தனைகள் உண்டு. குறிப்பிட்ட ஊர்களின் பட்டணவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்களில் பிறந்த ஆண்களுக்குத்தான் பாடு. அதே ஏரியில் பிழைக்கும் மற்றவர்களுக்குக் குலுக்கலில் இடமில்லை. எங்களுக்கு ஏன் சீட்டு இல்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.